தம்பிக்கு வைத்த வேப்பிலைத் தண்ணீர்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். நாலாம் வகுப்போடு நின்றதுகூட, வழியிலிருந்த ஓடை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்துதான். அதனால் நான் பயந்து சொல்லும் எதையும் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புளி உலுக்கும் பருவத்தில் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மூட்டு வீங்கியது, மரம் ஏற முடியவில்லை. அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியாத்தா வந்துவிட்டாளாம். வாசலில் வேப்பிலை செருகினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவன் வீட்டைவிட்டு நகரக் கூடாது, மருந்தும் கூடாது.

பிறகு வயிற்றுவலி வந்தது. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பாயில் உருண்டான்.

“மூஞ்சில ஒரு முத்துகூட இல்லியேம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்” என்றேன்.

“இவ ஒருத்தி! பூனை குறுக்க போனாகூட ஒப்பாரி வெப்பா. ஆத்தா இருக்கற வூட்லேர்ந்து வெளிய கொண்ட்டு போனா கண்ணு போய்டும்டி.”

வலியிலும் தம்பி சிரித்தான். “அக்காவ வுடும்மா. எனக்கு வவுறு வலிச்சா அதுக்குப் பேதியாவுது.”

மறுநாள் அவனுக்கு வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பாக இருந்தது.

“களி தின்னா கறுப்பாத்தான் போவும்” என்றாள் அம்மா. கேழ்வரகு தின்கிற எங்களுக்கு அதில் அதிசயம் இல்லை. நானும் சற்று நேரம் நம்பினேன். பிறகுதான் உறைத்தது.

“எங்கம்மா களி தின்னான்? முந்தாநேத்துலேர்ந்து கஞ்சித் தண்ணியே நிக்கலியே!”

அம்மா வேப்பிலையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “தூக்கினு போங்க” என்றாள்.

ஊர் ஆட்கள் டோலி கட்டி ஜமுனாமரத்தூர் வரை சுமந்தார்கள். அங்கே பஸ் ஏறி, மலை இறங்கி, போளூர் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆத்தா இருக்கிற வீட்டைப் பூட்டக் கூடாதென்று அம்மா மட்டும் தங்கிவிட்டாள்.

வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் வெளியே வந்து சொன்னார்: “அம்மை இல்லம்மா. சின்ன ரத்தக் குழாய்ங்க வீங்கிக் கசியற நோய். கால்ல பாத்தீங்களே, அதே புள்ளிங்க குடல்லயும் இருக்குது. ஒரு பக்கம் அழுகி ஓட்டையாயிடுச்சு.”

“பொழைச்சிக்குவானுங்களா?” என்றேன்.

“பாக்கலாம்மா.”

அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பயம் சரியாக இருந்தது. அதுவும் பொய்யாகியிருக்கக் கூடாதா. விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

உடலைக் கொண்டுவந்தபோது வாசலில் வேப்பிலை வாடித் தொங்கியது. அவன் குணமாகித் திரும்பினால் தலைக்கு ஊற்ற, அண்டாவில் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்திருந்தாள் அம்மா. குளிப்பாட்ட யாரோ குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

“வேற தண்ணி எதுக்கு? காய வெச்சிருக்கேன், பாரு” என்றாள்.

அதையே ஊற்றினோம்.