கவிழ்த்து வைத்த சொம்பு

பல்லடத்தைத் தாண்டி, ஊர்களை விட்டு ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சிறிய விமானத்தளத்தில் நிலத்தடி எரிபொருள் தொட்டி கசிந்துவிட்டது. கெட்டுப்போன மண்ணைத் தோண்டி அகற்றுவதும், சுற்றியுள்ள கிணறுகளைச் சோதிப்பதும் எங்கள் வேலை. வேலியை ஒட்டியிருந்த முதல் கிணறு ஓர் அக்காவுடையது.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருவார். தலைமுடியில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சோதனைக்குத் தண்ணீர் எடுக்க நான் போகும்போதெல்லாம் "வாங்க சார்" என்பார். கை தானாகப் பித்தளைச் சொம்பை எடுக்கும். கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை அடிப்பது பாதியில் நினைவு வர, அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

வேலை முடிய ஒன்றரை வருடமானது. கடைசிச் சோதனையின் முடிவை நானே போய்ச் சொன்னேன்.

"எண்ணெய் வரம்புக்குள்ள வந்துருச்சுக்கா. இனிமே குடிக்கலாம்."

"வரம்புன்னா, சுத்தமாப் போயிருச்சுங்களா சார்?"

"துளி இருக்கும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு முகர்ந்து பார்த்தார். அண்ணாந்து தானே குடித்தார். பிறகு சொம்பைப் பழையபடி கவிழ்த்து வைத்தார்.

"நாங்க குடிச்சுக்கறமுங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இதை எப்படிங்க குடுக்கறது?"

அறிக்கையில் 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் அன்றைக்கு, "குடுங்கக்கா, நானும் குடிக்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.