வலித்தாலும் திரும்பாதீர்கள்

நீடாமங்கலத்தில் ஓர் அரிசி ஆலை, நான்கு அறுவடை இயந்திரங்கள், மாடி வீடு எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் தனியாளாக உண்டாக்கியவை. பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க உரிமம் கேட்டால், சுடப் பழகிய சான்று வேண்டுமாம். எனக்கே பயிற்சியா என்று எரிச்சலோடுதான் பயிற்சித் தளத்துக்குப் போனேன்.

சொல்லிக்கொடுத்தவர் என் மகள் வயதுப் பெண்.

"ஐயா, மம்பட்டி மாதிரி கட்டைவிரலைப் பின்னால சுத்திப் பிடிக்காதீங்க. ரெண்டு கட்டைவிரலும் ஒரே பக்கமா முன்னால நீட்டி இருக்கணும். சுடுற நேரம் தவிர விசைமேல விரல் வேணாம்."

"மம்பட்டி பிடிச்சே ஆலை கட்டுன கைம்மா இது!"

சுட்டேன். துப்பாக்கியின் மேல்பகுதி பின்னால் பாய்ந்து கட்டைவிரலைக் கிழித்தது. "என்னம்மா துப்பாக்கி இது?" என்று கத்தியபடி, விசையில் வைத்த விரலை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பினேன். அவர் பாய்ந்து என் மணிக்கட்டைக் கீழே அழுத்தினார். அதே நொடியில் வெடித்தது. குண்டு அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது.

"விரலை எடுங்க ஐயா" என்றார். திட்டவே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கட்டைவிரலை நீட்டப் பழகிய பிறகே சான்று கிடைத்தது. இப்போது அங்கே சுவரில், "துப்பாக்கியோடு திரும்பாதீர்கள், வலித்தாலும்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த "வலித்தாலும்" என்னால் வந்தது. அதன் கீழே என் பெயரையும் போட வேண்டும்.