குசினிக்குள் வந்த சொல்

பிள்ளைகளே, குசினி என்பது தமிழ்ச் சொல்லா என்று போன கிழமை இரண்டு பேரும் கேட்டீர்கள். தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர் அதை வெட்டிவிட்டு, சமையலறை என்று எழுதச் சொன்னாவாம். வேலையால் வந்த களைப்பில் "என்னத்தையாவது எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அது ஒரு பதில் இல்லை.

நான் அதிகம் படித்தவன் அல்ல. இந்தச் சொல்லின் ஊரை எனக்குக் காட்டியது என்னோடு ஹோட்டலில் கோப்பை கழுவுகிற மரியா என்ற போர்த்துக்கல்காரி. ஒருநாள் அவள் வீட்டாரோடு தொலைபேசியில் கதைத்தபோது "குசின்யா" என்றது காதில் விழுந்தது. அது எங்கள் சொல் என்றேன். இல்லை, எங்களுடையது என்று சிரித்தாள். நானூறு வருஷத்துக்கு முந்தி அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டதையும், கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்பதையும் எனக்குத் தெரிந்த டொச் மொழியில் சொன்னேன். "அப்படியென்றால் அவர்களைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பிறகு எப்படிச் சொல் மட்டும் உள்ளே வந்தது?" கழுவ இருந்ததைக் கழுவினேன்.

இங்கே சுவிஸில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் வருவது குசினி. பைப் திருத்துகிறவன் சப்பாத்தோடு அடுப்படி வரைக்கும் வருவான். இத்தனை வருஷமாகியும் அதைப் பார்க்க எனக்கு ஒருமாதிரித்தான் இருக்கும். ஊரில், சுருவிலில், எங்கள் குசினி கிணற்றடிப் பக்கம் தனியாக நின்றது. குளிக்காமல் நாங்களே உள்ளே போக ஏலாது. வெளி ஆட்கள் முற்றத்தோடு சரி.

என்னோடு படித்த சேவியரின் வீட்டார் கடலுக்குப் போகிற வேதக்காரர், கிறிஸ்தவர்கள். சோதனை நெருங்கிய ஒரு கார்த்திகை மழையில் எனக்குக் கணக்குக் கொப்பி கொண்டுவந்தான். நடுங்கிக்கொண்டு நின்றவனைக் குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்புக்குக் கிட்ட இருத்தி, புட்டும் மீன்குழம்பும் கொடுத்தேன். கனடாவில் இருக்கிற உங்கள் பெரிய மாமி, என் அக்கா, அப்போது வந்தா. "சாப்பிடும் தம்பி" என்று முகம் மாறாமல்தான் சொன்னா. அவன் வெளிக்கிட்டதும் சட்டிபானை எல்லாவற்றையும் வேலிக்கரைக்குக் கொண்டுபோய் உடைத்தா. ஒன்றைத் தூக்கிவரச் சொன்னா. நானும் தூக்கிக்கொண்டு போனேன். சேவியர் மறந்துபோன தொப்பியை எடுக்கத் திரும்பி வந்து நின்றான்.

"சட்டி உடைஞ்சுபோச்சோ அக்கா?"

"ஓம் தம்பி, பழசு."

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான்.

ரீச்சரிடம் சொல்லுங்கள், குசினி இப்போது தமிழ்தான். கப்பலில் வந்த சொல்லை எங்கள் சனம் அடுப்படி வரைக்கும் விட்டது. பக்கத்து ஊர்ப் பெடியனை விடவில்லை. அந்த வீட்டில் நானும் ஒருத்தன்.

போன ஞாயிறு மத்தியானம், நீங்கள் விளையாடப் போயிருந்த நேரம், சேவியர் வந்தான். சூரிச்சில் ஒரு கலியாணத்துக்காகப் பாரிசிலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். இப்போதாவது அந்தச் சட்டி உடைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுதான் மீன் வாங்கிச் சமைத்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் வாசலிலேயே நின்றான்.

"மச்சான், இது குசினியெல்லோ? ஆக்கள் போற வழி எங்கை?"

"இதுதான் வழி. உள்ளுக்கை வாடா."

"உன்ரை அக்கா கனடாவிலைதானே? அப்ப பயமில்லை."

சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். "சேவியர், அண்டைக்கு அந்தச் சட்டி..." என்று தொடங்கினேன்.

"எந்தச் சட்டி? குழம்பு இன்னும் கிடக்கோ பார்."

குழம்பு விட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் எழும்பித் தான் சாப்பிட்ட பீங்கானைக் கழுவத் தொடங்கினான்.

"விடு மச்சான், உது என்ரை தொழில்."

"வேண்டாம். நீ உடைச்சுப்போடுவாய்."

கழுவித் துடைத்து, எங்கள் பீங்கான்களோடு அடுக்காமல் யன்னல் விளிம்பில் தனியாக வைத்தான். யோசிக்காமல் செய்தானா, எனக்குக் காட்டத்தான் செய்தானா, தெரியாது. போட்டு வாறன் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

நான் அந்தப் பீங்கானை எடுத்து, மிஞ்சின சோற்றையும் ஆறிப்போன குழம்பையும் போட்டேன். உள்ளே இருந்து சாப்பிட மனம் வரவில்லை. கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு மாடிப்படியில் குந்தினேன். மேல்வீட்டுச் சுவிஸ் மனிசி நாயோடு இறங்கி வந்தா. கதவுத் திறப்பை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டீர்களா என்று இரக்கத்தோடு கேட்டா. ஓம் என்று தலையாட்டி, சுவரோடு ஒதுங்கி அவவுக்கு வழிவிட்டேன். பிறகு மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.