நாற்காலியில் ஆடிய ஆட்டம்

"வானொலியெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று, வீட்டிலேயே கருவி வைத்து ஊர் உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரர் லியுபின்கோவிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போச்சு, அன்றைய வேலை கெட்டது. இரண்டு நாள் ஹெட்போனைக் கழற்றாமல், இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் குரல்களைப் பிடித்து, யார் அதிக நாடுகளோடு பேசினார்கள் என்று உலகமே மோதுவதற்கு வேறென்ன பெயர் என்று பிடித்துக்கொள்வார்.

நகர விளையாட்டுச் சங்கத் தலைவர் திஹோமிர் பழைய கால்பந்துக்காரர். "உட்கார்ந்த இடத்துலயே விளையாட்டுன்னா, எங்க மாமியார்தான்யா உலக சாம்பியன்!" என்பார். வானொலியையும் விளையாட்டாக ஏற்கச் சொல்லிப் பதினெட்டு வருஷமாக லியுபின்கோ போட்ட விண்ணப்பங்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

மனைவி ரதோய்கா மட்டும் அவர் கட்சி. "எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள்ல மூணு கிலோ இளைக்கிறாரு. உங்க பசங்க ஆட்டம் முடிஞ்சு பீர் குடிச்சே மூணு கிலோ ஏறுறானுங்க!" என்று நடுச்சந்தையில் திஹோமிரை மடக்கியவள். போட்டியின்போது லியுபின்கோ உள்ளங்கையை உயர்த்தினால் ஆட்டம் சூடாக இருக்கிறது, குறுக்கே வராதே என்று அர்த்தம். வந்த விருந்தாளிகளைக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

அந்த நவம்பர் ஞாயிறு, மதியத்துக்குப் பிறகு, போட்டி முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. எங்கோ ஒரு பசிபிக் தீவு மெலிதாகக் கேட்டது. வருஷத்துக்கு ஒரு முறை கேட்டாலே அதிர்ஷ்டம். அப்போது ரதோய்கா கதவருகே வந்தாள்.

"மனுஷா, நெஞ்சை என்னமோ பண்ணுது."

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். அவள் சமையலறைக்குப் போய் உட்கார்ந்து காத்திருந்தாள்.

விளையாட்டு வினையாகிவிட்டது. போட்டி முடிந்து, புள்ளிகளைச் சொல்ல அவர் ஓடியபோது அடுப்பில் பீன்ஸ் சூப் தீய்ந்து கிடந்தது. மேசையில் தலை சாய்த்திருந்தவளின் கை சில்லிட்டிருந்தது. பாவி மனுஷன், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

முதலிடம் அவருக்குத்தான் கிடைத்தது. ஏப்ரலில் சங்கம் கூடி, வானொலியும் விளையாட்டே என்று ஒருமனதாக முடிவு செய்தது. கோப்பையோடு வந்த திஹோமிருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தோத்துட்டேன் லியுபின்கோ. ரதோய்கா சொன்னதுதான் சரி. இது விளையாட்டுதான்யா."

லியுபின்கோ கோப்பையைத் தொடவில்லை.

"உங்க மைதானத்துல ஒருத்தன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா என்னய்யா செய்வீங்க?"

"ஆட்டத்தை நிறுத்துவோம். இதென்ன கேள்வி?"

"அவ வந்து சொன்னாய்யா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் நிறுத்தலை."