கையேட்டில் இல்லாத வேலைகள்

வேலை தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அந்த அம்மாவின் உத்தியோகம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சுற்றுவதாகப் பாவனை செய்யும் ஒரு மின்விசிறியின் கீழே பதினொரு வருடமாக வழிகாட்டிக்கொண்டிருந்தார். வழி எங்கே இருக்கிறது என்பதற்குத் தலைமை அலுவலகம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. வட்டாரத்திலுள்ள பயிற்சி மையங்கள், ஆள் எடுக்கும் இடங்கள் என்று நூற்று நாற்பது முகவரிகள். முதல் ஐந்து பக்கம் அதிகாரிகளின் வாழ்த்துரை.

தொழிற்சாலை மூடியதில் வேலை இழந்த லேத் ஆபரேட்டர் ஒருவர் மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்தார்.

“நீங்க எழுதிக் கொடுத்த நாலு இடத்துக்கும் போனேன் மேடம்.”

“என்ன சொன்னாங்க?”

“முதல் இடம் இப்ப மெத்தைக் கடை. ரெண்டாவது பூட்டிக் கிடக்கு. மூணாவதுல ஒரு நாய் இருந்துச்சு, அதுதான் கொஞ்சம் அக்கறையா விசாரிச்சுது. நாலாவது உங்க ஆபீஸ்தான், பின்வாசல்.”

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அன்று மதியமே கையேட்டை விரித்து வரிசையாகப் போன் போட்டார். நூற்று நாற்பதில் உயிரோடு இருந்தவை பதினேழு. அதிலொன்று, இனி இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே உயிரை வைத்திருந்தது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

“திருத்தணும்னா கமிட்டி போடணும்மா. கமிட்டி போடுறதுக்கே ஒரு கமிட்டி இருக்கு. இருக்கறதை வெச்சு ஓட்டுங்க.”

இருப்பதை வைத்து ஓட்டக்கூடியது வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் அதில் ஏறி இருவரும் பட்டறை பட்டறையாகப் போனார்கள். “அவனவன் லீவு நாள்ல பொண்டாட்டியோட சினிமாவுக்குப் போறான்” என்று அவர் முனகுவார். ஆனால் எந்தச் சந்துக்குள் என்ன கம்பெனி என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அம்மா இறங்கிப்போய், ஆள் வேண்டுமா, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நூலகம் ஒன்று, அலுவலகத்துக்கு இரண்டே தெரு தள்ளி, யாருக்கும் தெரியாமல் சேவை செய்துகொண்டிருந்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் பட்டறை முதலாளி, “போர்டு வெச்சா நூறு பேர் வராங்கம்மா, லேத் தெரிஞ்சவன் ஒருத்தன் வரலை” என்றார். திங்கட்கிழமை அம்மா லேத் ஆபரேட்டரை அங்கே அனுப்பினார். புதன்கிழமை அவர் வேலையில் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரோடு வேலை இழந்த ஒன்பது பேர் வந்து நின்றார்கள். “கையேடெல்லாம் வேணாம், நோட்டை எடுங்க” என்றார் அவர்களில் மூத்தவர். அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், வருகையாளர் எண்ணிக்கை திடீரெனக் கூடியதற்கு விளக்கம் கேட்டு.

அம்மா அதைப் படித்து மடித்து வைத்தார். பிறகு, ஒன்பது பேரையும் பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொன்னார்.