மாமரத்துக்கு ஒரு ஜாமீன்

1988, வைகாசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையிலேயே ஆண்டாளைச் சேவித்துவிட்டு, கால் கிலோ பால்கோவாவுடன் இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். பதினொரு கிலோமீட்டர்தான். அதற்குள் பால்கோவாவில் பாதி தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் ரங்கம்மா. மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம்.

“அக்காவுக்கு எந்த ஊரு? இங்க சொந்தக்காரவுக யாரும் உண்டா?”

“திருச்சி. அங்கே டீச்சர் வேலை. இங்கே யாரையும் தெரியாது. ஊர் பார்க்க வந்தேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்போ நம்ம தோப்புக்கு வாங்க. சப்பட்டை மாம்பழம் இப்பத்தான் இறங்குது. அம்புட்டு ருசியா இருக்கும்.”

என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் வேலை பார்ப்பவளுக்கு அந்த நினைப்பு சீக்கிரம் வந்துவிடும்.

இராஜபாளையத்தில் இறங்கி, மில் சங்கு ஊதும் சத்தத்தோடு டவுன் பஸ் மாறினோம். மேற்கே போகப் போக வெயில் குறைந்தது. தோப்பு வாசலில் வெள்ளை நாய் ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று வழிவிட்டது.

பல தலைமுறைக்கு முன்னால் ஆந்திரப் பக்கமிருந்து வந்த ராஜூக்கள் இவர்கள். வீட்டுக்குள் இன்றும் தெலுங்குதான். மலைத்தண்ணீரை நம்பிப் புதர் வெட்டி, கிணறு தோண்டி, மாங்கன்று வைத்திருக்கிறார்கள். பிழைக்க வந்த இடத்தில், பேரப்பிள்ளைகள் தின்பதற்காக மரம் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு மூன்று பழம் தின்றேன்.

நான்காவது பழத்தை எடுக்கும்போது கோடாலிச் சத்தம் கேட்டது. கிணற்றோரம் நின்ற பெரிய மரத்தில் ரங்கம்மாவின் கணவர் முதல் வெட்டு போட்டிருந்தார். முன்னோர் வைத்த முதல் மரம் அதுதானாம். பட்டை பிளந்து பால் வடிந்தது.

ரங்கம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். “அடுத்த வருசம் காய்க்கும், நான் ஜாமீன்னு சொல்லுங்க அக்கா. சீக்கிரம்!”

ஒன்றும் புரியாமலே கத்தினேன். “அடுத்த வருஷம் காய்க்கும்! நான் ஜாமீன்!”

ஓங்கிய கோடாலி அப்படியே நின்றது. அவர் மனைவியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பொரிந்து தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மூணு வருசமா ஒரு பிஞ்சு இல்ல டீச்சர். நாளைக்கு மர வியாபாரி வாரார். ஆனா எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். காய்க்காத மரத்த வெட்டப் போறப்ப வெளியாளு ஜாமீன் நின்னா, ஒரு வருசம் விட்டுறணும். சொந்தக்காரவுக சொன்னா செல்லாது. இந்த ஊர்ல பாதிப்பேர் எங்களுக்குச் சொந்தம், மீதிப்பேர் என் கோவத்துக்குப் பயந்தவுக. அதான் நாலு நாளா இவ பஸ்ஸுல ஆள் பிடிக்கப் போயிருக்கா!”

ஆக, என் பேச்சில் யாரும் மயங்கவில்லை. என் ஊர்தான் தேவைப்பட்டிருக்கிறது. கோபம் வந்தது. ஆனால் ரங்கம்மா அந்த வெட்டுக்காயத்தில் சாணியை அப்பிக்கொண்டிருந்தார். “என் மூணு பிள்ளைகளுக்கும் இதுலதான் அக்கா தொட்டில் கட்டினேன். வேற என்ன செய்வேன், சொல்லுங்க” என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது கூடை நிறையப் பழம் கொடுத்தார்கள்.

“அடுத்த வருஷமும் காய்க்காவிட்டால்?” என்று கேட்டேன்.

“ஜாமீன்காரவுக நேர்ல வரணும்” என்றார் கணவர், சிரிக்காமல். “நீங்க பாக்கத்தான் வெட்டணும்.”

திருச்சியில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு தொட்டிச் செடி. அதற்கே தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவேன். இப்போது 1989 மாசி, மா பூக்கும் நேரம். தென் மாவட்டங்களில் பலத்த காற்று வீசும் என்று ரேடியோவில் சொன்னால், செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.