வெள்ளவத்தை வளவில் ஒரு வரம்பு

மழைத் தண்ணீர் ஓடக் காண் வெட்டுகிறவனின் பெயர் வெயில் மாதங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. மழை இறங்கிவிட்டால் அவனைத் தேடிக் கொட்டாஞ்சேனை வரைக்கும் ஆள் வரும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் ஏறிக் குந்தியிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகையால் நான் படுகிற பாடு உங்களுக்கு விளங்கும். வீட்டைச் சுற்றிய வளவில் விழுகிற மழையை வாட்டம் பார்த்து, வெளியே சிறு தெருவான ஒழுங்கைக்கும், அங்கிருந்து பெரிய வாய்க்காலுக்கும் அனுப்பிவைப்பதுதான் என் தொழில். அனுப்ப விடமாட்டேன் என்று நின்ற ஒருவரைக் கொழும்பு வெள்ளவத்தையில் சந்தித்தேன்.

ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது

சின்னத்துரையர் ரயில்வே கந்தோரில் கிளாக்கர், யாழ்ப்பாணத்தார். புதிதாக வாங்கிய வீடு ஒழுங்கையின் மேட்டுப் பக்கம். என்னைக் கூப்பிட்டனுப்பியவர் காண் வெட்டச் சொல்லவில்லை. இருந்த காணையும் மூடிவிட்டு, வளவைச் சுற்றி வரம்பு கட்டச் சொன்னார். “வரம்பு வயலுக்குத்தானே ஐயா” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய ஊரில் மழைத் தண்ணீர் வளவுக்குள் நின்று சுவறினால்தான் கிணறு நன்னீராக இருக்குமாம். ஒரு வருடம் மழை பொய்த்துக் கிணறு உப்பாகிப்போக, அவருடைய தாய் கோயில் கிணற்றடியில் குடத்தோடு காத்துக் கிடந்தாராம். கொழும்பு மண் வேறு, இங்கே மழை வந்தால் இலேசில் போகாது என்று சொல்லிப் பார்த்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம். எனக்கு வேண்டாம் இந்த வேலை என்று கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். வரம்பு கட்ட அவரே மண்வெட்டியை எடுத்தார். வாசல் படலை வரைக்கும் வந்து ஒரு சொல்லும் சொன்னார்:

“தம்பி, உமக்குத் தண்ணியைக் கலைக்கத்தான் தெரியும். அதின்ரை அருமை தெரியாது.”

பதுங்குகுழி

பிறகு சண்டைக் காலம் வந்தது. சப்பான்காரன் குண்டு போடுவான் என்று கொழும்பெங்கும் வளவுகளில் பதுங்குகுழி வெட்டினார்கள். சின்னத்துரையரும் வளவின் பள்ள மூலையில், அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஒன்று வெட்டுவித்தார். வைகாசி மழை பிடித்தது. வரம்புக்குள் நின்ற வெள்ளமெல்லாம் அந்தக் குழியில் இறங்கியது. தவளைகள் குடிவந்தன.

தண்ணீரை இறைத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வாளியோடு நிற்கும்போதே அபாயச் சங்கு ஊதியது. நல்லவேளை, அது ஒத்திகை. ஆனால் அப்போது அது யாருக்குத் தெரியும்? சின்னத்துரையர் “இறங்குங்கோ, இறங்குங்கோ” என்று கத்தினார். அவர் மனைவி அன்னம் குடையை விரித்தபடி குழிக்கரையில் நின்று, தண்ணீரையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார்:

“குண்டுக்குத் தப்பி இந்தத் தண்ணியில தாண்டு சாகச் சொல்லுறியளே?”

பெருவிரல்

அந்தத் தண்ணீர் குழிக்குள் சும்மா கிடக்குமா? சுவருக்கு அந்தப் பக்கம் ஹமீது நானா வீடு. அவர் தையல்காரர். முன்னறையில் மெசினும் துணியும். குடும்பம் குடியிருக்கப் பின்னறை ஒன்றுதான். கல்கிசையில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்து அந்த அறையில்தான் இருந்தாள். வீட்டுச் சுவர் கபுக் கல் என்கிற செம்மண் கல். வெயிலில் இரும்பாக நிற்கும். ஈரம் ஏறினால் மாவு.

நானா கூப்பிட்டுக் காட்டினார். பெருவிரலால் அமுக்கினேன், விரல் உள்ளே போயிற்று. மகளின் கட்டில் அந்தச் சுவரோடு கிடந்தது. இப்போதே போய்ச் சின்னத்துரையரிடம் சொல்கிறேன் என்று எழும்பினேன். நானா என் கையைப் பிடித்துக்கொண்டார். வரம்பு கட்டியவர்மேல் இருந்த கோபம் இந்த மனிதர்மேலும் வந்தது. அவரோ மெதுவாகச் சொன்னார்:

“மழ நாளைக்கி உட்டுரும் தம்பி. பக்கத்து ஊட்டு மனஸ்தாபம் உடாது.”

மண்வெட்டி

மறுநாளும் மழை விடவில்லை. நானா என்ன நினைத்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று பின்னேரம் போனேன். எனக்கு முன்பே அன்னம் சொல்லிவிட்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் பனங்கற்கண்டோடு போனவர், கட்டிலையும் சுவரையும் கண்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறார். கணவரை ஏசவில்லை. “அந்தப் பிள்ளையின்ரை தலைமாட்டில நிக்கிறது எங்கட தண்ணி” என்று மட்டும் சொன்னாராம்.

நான் படலையைத் திறந்தபோது சின்னத்துரையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் தன் வரம்பைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். “தாங்கோ ஐயா” என்று கையை நீட்டினேன். மண்வெட்டியைத் தரவில்லை. கடைசி மண்கட்டி பெயர்ந்ததும் வெள்ளம் ஒழுங்கைக்குப் பாய்ந்து, வாய்க்கால் பக்கம் திரும்பியது. ஒரு சொட்டையும் விடாமல் சேர்த்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“போகுது பாரும். எங்கட அம்மா இதைக் கண்டால் அழுவா.”

நான் குழியை மூடிச் சுவருக்கு முண்டு கொடுக்க, அதுவும் நின்று, அந்தக் கிழமையே அந்த அறையில் ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. என் தொழிலில் இன்றுவரை எந்த மழைக்கும் அடைபடாத காண், நான் வெட்டாத அந்த ஒன்றுதான்.